காலண்டரில் திதி பார்த்து மும்பைக் கடலுக்குப் போவது எப்படி

தூத்துக்குடியிலோ ராமேஸ்வரத்திலோ கடலோரம் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் எப்போது போனாலும் ஏறக்குறைய அதே இடத்தில் இருப்பது. அங்கே நீர் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டரைத் தொடுவதே அபூர்வம். அந்தப் பழக்கத்தோடு மும்பைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஹாஜி அலி பக்கம் எட்டிப் பார்த்து, "கறுப்புத் தண்ணியும் குப்பையும்தான் இருக்கு" என்று திரும்பிவிடுபவர்கள் தாராவியிலும் செம்பூரிலும் ஏராளம். போன நேரம்தான் தவறு. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நான்கு மீட்டர் வரை, சில நாட்களில் அதற்கு மேலும், ஏறி இறங்கும். இறங்கிய நேரத்தில் ஹாஜி அலிப் பாறைகளிலும் பாந்திரா கார்ட்டர் ரோட்டுக் கரையிலும் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்), பூ மாதிரி விழுதுகளை விரிக்கும் கடற்சாமந்தி, துறவி நண்டு, உயிருள்ள பவளம் வரை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் இரண்டு ஆள் ஆழத் தண்ணீர் நிற்கும்.

ஆகவே இந்தப் பொழுதுபோக்குக்கு முதல் கருவி காலண்டர். மாட்டுங்காவிலோ ஆண்டாப் ஹில்லிலோ எந்தத் தமிழ் வீட்டுச் சுவரிலும் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும்.

திதியிலிருந்து நேரம் கண்டுபிடிப்பது

கொங்கண் கரை மீனவர்கள் வழிவழியாகப் பயன்படுத்தும் கணக்கு இது: அன்றைய திதி எத்தனையாவது என்று பார்த்து அதை முக்காலால் பெருக்கினால், கடல் முழுதாக ஏறி நிற்கும் நேரம் வரும். பிரதமை 1, துவிதியை 2, இப்படியே சதுர்த்தசி 14 வரை. வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் ஒரே கணக்குதான். முக்கால் என்றால் 45 நிமிடம்.

சதுர்த்தி என்று வைத்துக்கொள்வோம். 4 முறை 45 நிமிடம், 3 மணி நேரம். பகல் 3 மணி வாக்கில் ஒரு ஏற்றம், இரவு 3 மணி வாக்கில் இன்னொன்று. வற்றம், அதாவது கடல் முழுதாக இறங்கி நிற்கும் நேரம், இவற்றுக்கு நடுவில், காலை 9, இரவு 9 வாக்கில். ஏகாதசி என்றால் 11 முறை 45 நிமிடம், 8.15, வற்றம் 2.15 வாக்கில். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் 15 என்று பெருக்கினால் 11.15 வரும். ஆனால் 12-க்குச் சற்று முன் என்று கொள்வதே பொருத்தம். வற்றம் காலை 6, மாலை 6-ஐ ஒட்டி விழும்.

இந்தக் கணக்கு ஏன் பலிக்கிறது? நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து வருகிறது. கடலும் அதன் பின்னாலேயே தாமதிக்கிறது. திதி என்பதே சூரியனிலிருந்து நிலா எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு. அதனால் திதி தெரிந்தால் நிலாவின் நேரமும், அதன் வழியாகக் கடலின் நேரமும் தெரிந்துவிடுகிறது.

பிழை எங்கே வரும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். திதி எல்லா நாளும் ஒரே நீளம் இல்லை. சில நாள் 20 மணி நேரத்திலேயே முடிந்துவிடும், சில நாள் 26 மணி நேரம் இழுக்கும். காலண்டரில் "சஷ்டி காலை 7.40 வரை" என்று போட்டிருந்தால், நீங்கள் போகப்போகும் நேரத்தில் ஓடுவது சப்தமி; அதைத்தான் எடுக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் கணக்கு அரை மணி, சில சமயம் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போகும். அதனால் திதியை எந்த நாள் போகலாம் என்று தீர்மானிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாறையில் இறங்குவதற்கு முன் அச்சிட்ட அட்டவணை நேரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியல், வெளியிடுகிறது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலும் கிடைக்கும். துறைமுகத்தின் பெயர் "மும்பை" அல்லது "அப்போலோ பந்தர்" என்று இருக்க வேண்டும். கேட்வே ஆஃப் இந்தியா அருகிலுள்ள அந்த அப்போலோ பந்தரில் 1878 முதல் கடல்மட்டம் அளக்கப்படுகிறது; இந்தியப் பெருங்கடலிலேயே நீண்ட பதிவுகளில் அதுவும் ஒன்று. கைபேசிச் செயலிகள் சில நேரம் வேறு துறைமுகத்தை எடுத்துக்கொள்ளும், அதைக் கவனியுங்கள்.

அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் மீட்டரில் ஒரு உயரம் இருக்கும். வற்றத்துக்கு நேரே 0.7 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் கிளம்பலாம். 0.4-க்குக் கீழே போனால் விடுப்பு எடுத்துக்கொண்டாவது போங்கள். 1.5-க்கு மேல் இருந்தால் வீட்டில் இருங்கள். ஒரே நாளின் இரண்டு வற்றங்களும் சமமாக இருக்காது, காலையில் 0.5 என்றும் மாலையில் 1.4 என்றும்கூட இருக்கலாம். எந்தப் பருவத்தில் காலை வற்றம் நன்றாக இறங்கும், எப்போது மாலை வற்றம் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதனால் நேரத்தை மட்டும் பார்த்துப் புறப்பட்டால் ஏமாறுவீர்கள்.

மிக நல்ல நாட்கள் அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு மறுநாளிலிருந்து திருதியை வரை. கடலின் பெரிய இறக்கம் பௌர்ணமியன்றே வராமல் ஓரிரு நாள் பிந்தி வருவதுதான் காரணம். மிக மோசமான நாட்கள் அஷ்டமி, நவமி, தசமி. அந்நாட்களில் கடல் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. வற்றம் என்று சொல்லும் நேரத்திலும் பாறைகள் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று வீட்டில் சொல்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் முழுக்கச் சரி.

அட்டவணையே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் மும்பையின் மீனவச் சமூகமான கோலிகளைக் கேளுங்கள். "காகா, ஓஹோட்டி கதீ ஆஹே?" என்றால் வற்றம் எப்போது என்று பொருள். ஏற்றத்துக்கு "பரதி". மீன் விற்கும் பெண்களை "மாவ்ஷி" என்று கூப்பிட்டுக் கேட்டால் நேரம் சொல்வதோடு அன்றைக்கு எந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

முதல் பாடம்: படிக்கட்டு எண்ணுவது

பாறைக்குப் போவதற்கு முன், எந்த ஆபத்தும் இல்லாத ஓரிடத்தில் நின்று கடல் இறங்குவதை ஒரு முறை முழுதாகப் பாருங்கள். கேட்வே பக்கத்துப் படகுத்துறைப் படிகள் இதற்கு நல்லவை. வந்ததும் நனையாத படிகள் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை மீண்டும் எண்ணுங்கள். ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் நடைபாதையும் அப்படித்தான். பெரிய ஏற்றத்தில் அலை அதன்மேல் ஏறும், வற்றத்தில் இரண்டு பக்கமும் பாறை தெரியும்.

எண்ணிப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும்: கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3, 3, ஐந்தாவதில் 2, கடைசியில் 1. மொத்த ஏற்றம் 4 மீட்டர் என்றால் முதல் மணியில் 33 சென்டிமீட்டர்தான். மூன்றாவது மணியில் ஒரு முழு மீட்டர். அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல். "இன்னும் ஒரு மணி நேரமாச்சு, தண்ணி அப்படியேதானே இருக்கு" என்று உட்கார்ந்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்தக் கணக்கில்தான். அதைவிட மோசம், நீர் முன்னாலிருந்து வருவதில்லை. நீங்கள் நிற்கும் பாறை மேடாக இருக்கும். உங்களுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளங்கள் முதலில் நிரம்பும். முன்னால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் வழி மூடிவிடும்.

அதனால் நேர ஒழுங்கு இப்படி: வற்ற நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பு கரையில் இருங்கள். இறங்கும் நீரைத் தொடர்ந்தே கீழே போங்கள். வற்ற நேரம் தொட்டதும் மிகத் தள்ளியிருக்கும் இடத்திலிருந்து திரும்பத் தொடங்குங்கள். அதற்குமேல் அரை மணிக்குள் மேட்டுக்கு வந்துவிட வேண்டும். கைபேசியில் அலாரம் வையுங்கள், ஒன்று வற்ற நேரத்துக்கு, இன்னொன்று அரை மணி கழித்து. தனியாகப் போகாதீர்கள், இருவரில் ஒருவர் குனிந்து பார்க்கும்போது மற்றவர் கடலைப் பார்க்க வேண்டும்.

கையோடு கொண்டு போக வேண்டியவை

செருப்பு வேண்டாம். ஹவாய் செருப்பு சேற்றில் ஒட்டிக்கொண்டு வார் அறுந்துவிடும், பாசியில் சறுக்கும். சாண்டல் போட்டால் பாறைச் சிப்பியின் விளிம்பு விரலைக் கிழிக்கும். அது பிளேடு மாதிரி. பழைய கான்வாஸ் ஷூ அல்லது அடிப்பகுதியில் பள்ளம் தேயாத ரப்பர் ஷூ, உள்ளே சாக்ஸ். முழுக்கால் சட்டை. தொப்பி. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். விடிவதற்கு முன்போ இருட்டும் நேரத்திலோ என்றால் தலையில் கட்டும் டார்ச். கையில் பிடிக்கும் டார்ச் வழுக்கும்போது கையை ஊன்றவிடாது. கைபேசிக்குத் தண்ணீர் புகாத உறை, அதைக் கழுத்தில் மாட்டும் கயிறு.

இன்னொன்று, பலரும் நினைக்காதது: அடி தட்டையாக, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பா. இனிப்புக் கடையில் லட்டு வைத்துத் தரும் ஒரு கிலோ டப்பா போதும். பாறைக் குட்டையில் அதன் அடியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் தண்ணீருக்குள் அழுத்தி மேலிருந்து பாருங்கள். நீர்மேல் நெளிவும் வானத்தின் பளபளப்பும் ஒரே நொடியில் மறைந்து, அடியிலுள்ளது துல்லியமாகத் தெரியும். அடியில் கீறல் விழுந்தால் பயனில்லை, பழைய டப்பாவைத் தேடாதீர்கள். உள்ளே ஆவி படர்ந்தால் துணியால் துடைக்க வேண்டும். உங்கள் நிழல் டப்பாவின்மேல் விழும்படி குனிந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

வாளி, வலை, கையுறை எதுவும் வேண்டாம். எடுக்கப் போவதில்லை என்பதால்.

பாறையை மேலிருந்து கீழே படிப்பது

பாறைக் கரையில் உயிர்கள் இஷ்டத்துக்கு இருப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெயிலில் தாங்கும் என்பதைப் பொறுத்து மட்டம் மட்டமாக வரிசை கட்டியிருக்கும். இந்த வரிசை தெரிந்தால் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் தெரியும்.

மேல்மட்டம், அலைத்துளி மட்டும் படும் இடம். வெறும் பாறை மாதிரித்தான் இருக்கும். விரிசல்களுக்குள் பாருங்கள்: மிளகு அளவு நத்தைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். வாயை மூடியால் அடைத்து உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த ஏற்றத்துக்காகக் காத்திருக்கும்.

அதற்குக் கீழே கொட்டலசு. சின்ன எரிமலை வாய் மாதிரி சாம்பல் வெள்ளையில் பாறையோடு கல்லாக ஒட்டியிருக்கும். பார்த்தால் சிப்பி வகை என்று தோன்றும். உண்மையில் நண்டு, இறாலுக்குச் சொந்தம். தண்ணீர் தங்கியிருக்கும் குழியில் மூழ்கியிருக்கும் ஒன்றைத் தேடி ஒரு நிமிடம் பாருங்கள். வாய் திறந்து இறகு போன்ற கால்கள் வெளியே வந்து தண்ணீரை வாரி வாரி உள்ளே இழுக்கும். வெளியே கட்டணமில்லாமல் நடக்கும் இவ்வளவு நல்ல காட்சி இந்த ஊரில் வேறு இல்லை.

அடுத்து பாறைச் சிப்பி மட்டம். வெட்டுக்காயம் எல்லாம் இங்கேதான். கையை ஊன்றாதீர்கள்.

இன்னும் கீழே போனால் பச்சையும் பழுப்புமாகப் பொத்தான் பொத்தானாகக் கம்பளம் விரித்தது மாதிரி ஒன்று வரும். பாசி என்று நினைத்து எல்லோரும் மிதித்துப் போவார்கள். அது உயிர்க்கூட்டம், கடற்சாமந்தியின் உறவு, சோயாந்திட் என்பார்கள். நீருக்குள் இருக்கும்போது ஒவ்வொரு பொத்தானும் விரிந்து ஓரத்தில் விழுதுகள் தெரியும். சில வகைகளில் கடுமையான நஞ்சு உண்டு. கையில் காயம் இருந்து தொட்டாலும், தொட்ட கையால் கண்ணைக் கசக்கினாலும் ஆபத்து. மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

கடைசி மட்டம், மாதத்தில் சில நாள் மட்டும் வெளியே தெரிவது. ஆரஞ்சு, ஊதா நிறப் பஞ்சுயிரிகள், கடற்சாமந்தி, மும்பைக்குள்ளேயே பவளம். கடற்கரைச் சாலை கட்டும்போது ஹாஜி அலி, வொர்லி கரைகளிலிருந்த பவளத் திட்டுகளை நேவி நகர் பக்கம் மாற்றி நட்டார்கள் என்பது பலருக்குச் செய்தியாகவே இருக்கும். உயிருள்ள பவளம் வெள்ளையாக இருக்காது. பழுப்பு அல்லது பச்சை கலந்த மங்கல் நிறம், மேலே சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள்.

ஒரு குட்டையின் முன் உட்கார்வது

நடந்துகொண்டே பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. நடப்பது இருபது நிமிடம், உட்கார்வது நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே பாறை நீட்டிக்கொண்டிருக்கும், குறைந்தது முழங்கை ஆழமுள்ள குட்டையைத் தேர்ந்தெடுங்கள். வெயிலில் திறந்து கிடக்கும் ஆழமற்ற குட்டையில் நீர் சூடாகி உயிர்கள் ஒதுங்கிவிடும். டப்பாவை வைத்துப் பார்க்கும் வரை நிழல் தண்ணீரில் விழாதபடி உட்காருங்கள். முதல் மூன்று நிமிடம் எல்லாம் அசையாமல் இருக்கும். பிறகு நீங்கள் நத்தை என்று நினைத்தவற்றில் பாதி எழுந்து நடக்கும். அவை செத்த நத்தையின் ஓட்டுக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள். அடுத்து கண்ணாடி இறால், கறுப்புக் கோடு போட்ட குட்டி உளுவை மீன். "டிக், டிக்" என்று விரல் சொடுக்கும் சத்தம் கேட்டால், அது கல்லுக்கடியில் ஒரு கொடுக்கைச் சொடுக்கும் சின்ன இறால்.

பேய்க்கணவாயைத் தேடுவதற்கு ஒரு வழி உண்டு. பாறைத் துளையின் வாசலில் நண்டு ஓட்டுத் துண்டுகளும் சிப்பி ஓடுகளும் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். சாப்பிட்ட மிச்சத்தை வாசலிலேயே போடும் பழக்கம் அதற்கு. துளைக்குள் ஒரு கண் உங்களைப் பார்க்கும். குச்சியை விட்டுக் குத்தாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்தால் தானாக ஒரு கை வெளியே வரும்.

கல்லைப் புரட்டலாமா என்றால், உள்ளங்கை அளவுக் கல் மட்டும், அதுவும் ஈரமான இடத்தில் மட்டும். பார்த்ததும் அதே பக்கம் கீழே வரும்படி, அதே பள்ளத்தில் வைக்க வேண்டும். கல்லின் அடியில் ஒட்டியிருப்பவை வெயில் பட்டால் அரை நாள் தாங்காது. ஒரு கூட்டம் வந்து போன கரையில் கல்லெல்லாம் வயிறு மேலே கிடப்பதைப் பார்த்தால் எங்களுக்குக் கோபம்தான் வருகிறது.

கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் ஊசி போன்ற பல்லால் குத்தும். சில இனங்களின் நஞ்சு ஆளைக் கொல்லும். பவளம், கடல் விசிறி, கடல் அட்டை, கடல் குதிரை இவற்றை எடுப்பது 1972-ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், கரையில் ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். காலி நத்தை ஓட்டையும் விட்டுவிடுங்கள். துறவி நண்டு வளரும்போது அடுத்த வீடு அதுதான். அங்கேயும் வாடகை வீட்டுக்குப் பெரிய தட்டுப்பாடு.

மணலில் என்ன பார்ப்பது

சார்னி ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் கிர்காவ் சௌபாட்டி. குழந்தைகளோடு போவதற்குப் பாறையைவிட இது நல்லது. வற்றத்தில் ஈர மணலில் கடுகு உருண்டை மாதிரி ஆயிரக்கணக்கில் மணல் உருண்டைகள் கிடக்கும். நடுவில் ஒரு துளை, அதைச் சுற்றி ஆரம் ஆரமாக உருண்டைகள். பட்டாணி அளவு நண்டு மணலை வாயில் போட்டு, ஒட்டியிருக்கும் உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருட்டித் தள்ளியது. கடல் இறங்கிய பிறகுதான் வேலை தொடங்கும் என்பதால், உருண்டை வட்டம் பெரிதாக இருந்தால் அந்த இடம் காய்ந்து நேரமாகிவிட்டது என்று அர்த்தம். கீழே போகப் போக வட்டங்கள் சிறுத்துக்கொண்டே வருவதைக் குழந்தைகளிடம் காட்டி, ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

சாம்பல் நிறத்தில் சட்டைக் காலர் மாதிரி வளைந்த ஒன்று கிடந்தால் பிளாஸ்டிக் என்று எறிந்துவிடாதீர்கள். அது ஒரு வகை நத்தை மணலையும் தன் கோழையையும் குழைத்துச் செய்த முட்டைப் பட்டை.

முழங்கால் அளவு தண்ணீரில் நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். தேய்த்தால் அதுவாக ஓடிவிடும், மிதித்தால் வால் முள்ளால் குத்தும். 2013 கணபதி விசர்ஜனத்தில் கிர்காவில் ஏராளமானோர் குத்துப்பட்டார்கள். குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள்.

சேற்றுப் பக்கம்: கணக்கு தலைகீழ்

ஜி.டி.பி. நகரிலிருந்தோ செம்பூரிலிருந்தோ ஹார்பர் வண்டி ஏறினால் சிவ்ரி. நவம்பர் முதல் மே வரை அங்கேயும் தாணே கழிமுகம் நெடுகிலும் பூநாரைகள் இருக்கும். 2022-இல் தாணே கழிமுகம் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பாறைக்குச் சொன்ன கணக்கோடு இங்கே போனால் ஏமாற்றம்தான்: முழு வற்றத்தில் சேறு கிலோமீட்டர் கணக்கில் விரிந்து, பறவைகள் ரோஸ் புள்ளிகளாகத் தள்ளிப் போய்விடும். முழு ஏற்றத்திலோ சேறு மூழ்கி, மேய இடமில்லாமல் வேறு எங்காவது போய் நிற்கும். ஏற்ற நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்போ பின்போதான் சரி. கரையை ஒட்டிய சேறு மட்டும் வெளியே இருக்கும், பறவைகளும் அங்கேயே கூடும்.

ஒளியையும் பாருங்கள். சிவ்ரி கிழக்குப் பார்த்த கரை, காலையில் போனால் சூரியன் கண்ணில் அடித்துப் பூநாரையெல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும். பிற்பகல் தான் நிறம் தெரியும். பஞ்சமியன்று ஏற்றம் 3.45 வாக்கில் என்றால் ஒரு மணிக்கே அங்கே இருக்கலாம். ஹாஜி அலியும் பாந்திராவும் மேற்குப் பார்த்தவை, அங்கே காலை வற்றம்தான் கண்ணுக்கு இதம்.

பூநாரை வராத மாதங்களிலும் கண்டல் (அலையாத்தி) மரங்களின் ஓரச் சேற்றில் வேடிக்கைக்குக் குறைவில்லை. சேற்றில் துள்ளும் உளுவை மீன், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்த ஃபிடில் நண்டு. அந்தக் கொடுக்கு ஆணுக்கு மட்டும்தான். "வா, வா" என்று ஆட்டிக்கொண்டே இருக்கும். நெருங்கினால் எல்லாம் துளைக்குள் போகும். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் சின்ன நண்டுகள் முதலில் வரும், பெரியவை கடைசியில். சேற்றில் இறங்காதீர்கள், தொடை வரை புதையும் இடங்கள் உண்டு. கரைமேல் நின்றே பார்க்க முடியும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

நாள், திதி, அட்டவணை நேரம், உயரம், இடம், பார்த்தவை. ஆறு கட்டம் போதும். கூடவே, உண்மையில் கடல் எப்போது நின்று திரும்பியது என்று நீங்கள் கண்ட நேரம். ஒரு பட்சம் முழுக்க எழுதினால் உங்கள் கரைக்கும் திதிக் கணக்குக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று தெரிந்துவிடும். கழிமுகத்துக்குள் போகப் போகக் கடலின் நேரம் பிந்தும் என்பதால் சிவ்ரிக்கும் ஐரோலிக்கும் ஒரே எண் பொருந்தாது. பெயர் தெரியாத உயிரைப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். படத்தில் அளவு தெரிய ஒரு ரூபாய்க் காசைப் பக்கத்தில் வைத்து எடுங்கள், உயிரின்மேல் வைக்காதீர்கள். கூட்டத்தோடு போக விரும்பினால் 2017 முதல் இயங்கும் மரைன் லைஃப் ஆஃப் மும்பை குழுவினர் கரை நடைகள் நடத்துகிறார்கள்.

திரும்பி வந்ததும் ஷூவை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். சிப்பி கிழித்த காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். இந்தக் கரைகளில் சாக்கடை கலப்பதால் சின்னக் கீறலும் சீழ் பிடிக்கும், டெட்டனஸ் ஊசி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலா (சாக்கடைக் கால்வாய்) வந்து கடலில் கலக்கும் வாய்ப் பக்கம் போகவே வேண்டாம். பாறைச் சிப்பியையோ மட்டியையோ நீங்களே பெயர்த்துக் கொண்டுவந்து குழம்பு வைக்கும் ஆசையும் வேண்டாம். அவை தண்ணீரை வடிகட்டித் தின்பவை, தண்ணீரில் உள்ள கிருமியும் உலோகமும் அவற்றில் சேரும்.

மழைக்காலத்தில்

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறையில் இறங்கக் கூடாது. அட்டவணை எவ்வளவு நல்ல எண்ணைக் காட்டினாலும் சரி. அட்டவணை நிலா, சூரியன் கணக்கை மட்டும் சொல்கிறது. காற்று தள்ளும் அலை அதில் இல்லை. மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகளுக்கே மீன்பிடித் தடை.

இந்த நான்கு மாதமும் சாலை மட்டத்திலிருந்து பார்க்கலாம். 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்பே வெளியிடும். அவை பெரும்பாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நண்பகல்களாக இருப்பதைத் திதிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெரைன் டிரைவில் சுவரை விட்டுத் தள்ளி, சாலை ஓர நடைபாதையிலேயே நில்லுங்கள். சுவருக்கு அப்பால் கிடக்கும் நான்கு கால் கான்கிரீட் கற்களில் இறங்குபவர்களை மீட்பது தீயணைப்புத் துறைக்கு வாடிக்கையான வேலை. கனமழையும் பெரிய ஏற்றமும் சேரும் நாளில் வீட்டை விட்டுக் கிளம்பவே வேண்டாம். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது கடலும் ஏறியிருந்ததால் வடிகால் நீர் வெளியேற வழியில்லாமல் போனது.

மழைக்கால மணலில் நீல பலூன் மாதிரி ஒன்று கிடந்தால் குழந்தையை இழுத்துப் பிடியுங்கள். அது நீலக்குப்பிச் சொறி. செத்துக் கிடந்தாலும் அதன் நீண்ட நூல்கள் சுடும். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, ஒட்டிய நூலைக் குச்சியாலோ அட்டையாலோ எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரை இருபது நிமிடம் வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் மருத்துவமனை.

நம் வீடுகளில் யஜுர்வேதிகள் ஆவணி அவிட்டம் கொண்டாடும் பௌர்ணமியை ஒட்டியே கோலிகளின் நாரளி பூர்ணிமா. கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்துவிட்டுப் படகை இறக்குவார்கள். பாறைக்குப் போக அது இன்னும் சீக்கிரம். மழையில் வளர்ந்த பச்சைப் பாசி காய்ந்து உதிர அக்டோபர் ஆகும். அதுவரை ஷூ எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வழுக்கும். நவராத்திரி கழிந்து வரும் முதல் பௌர்ணமிக்கு மறுநாளை அட்டவணையில் பாருங்கள், வற்றம் 0.7-க்குக் கீழே இருந்தால் அதுதான் பருவத்தின் முதல் நடை.